உருளைக்கிழங்கு திருடியதற்கு ஏழு வருஷம்: அந்த ஐரிஷ் பெண்களுக்கு அப்புறம் என்ன ஆனது?

கேள்வி இதுதான்: “அயர்லாந்தில் உருளைக்கிழங்கு திருடிய ஒரு பெண்ணைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள் என்று படித்தேன். நிஜமா? அப்படிப் போன பெண்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள்? தண்டனை முடிந்ததும் ஊர் திரும்பினார்களா?”

நிஜம்தான். பெயரோடு சொல்ல முடியும். அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் தண்டனை பெற்ற மார்கரெட் பட்லர் செய்த குற்றம், உருளைக்கிழங்கு திருடியது. கிடைத்த தண்டனை ஏழு வருஷ நாடு கடத்தல். 1845 செப்டம்பர் 2 அன்று டப்ளினுக்குப் பக்கத்தில், அன்று கிங்ஸ்டவுன் என்று பெயர் இருந்த துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘டாஸ்மேனியா’ என்ற கப்பலில் அவரை ஏற்றினார்கள். அந்தக் கப்பலில் 138 கைதிப் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகள் 35 பேரும் இருந்தார்கள். டிசம்பர் 3 அன்று, ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தீவில் ஹோபார்ட் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலின் பெயர் டாஸ்மேனியா என்றாலும், போய் இறங்கிய தீவுக்கு அன்றைக்கு அந்தப் பெயர் இல்லை. வான் டீமன்ஸ் லேண்ட் என்றுதான் சொன்னார்கள்.

அதே கப்பலில் விக்லோ சிறையிலிருந்து வந்த எலைசா டேவிஸும் இருந்தார். பெற்ற குழந்தையைக் கொன்றதாக அவருக்கு முதலில் மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் முழுக்க நாடு கடத்தலாகக் குறைத்திருந்தார்கள். கிழங்கு திருடியவரும் சிசுக்கொலை செய்தவரும் ஒரே தளத்தில் படுத்து, ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒரே தீவில் இறங்கினார்கள். ஒருவருக்கு ஏழு வருஷம், இன்னொருவருக்கு ஆயுள். காகிதத்தில் பெரிய வித்தியாசம். வாழ்க்கையில் அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் பார்க்கிறேன். ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான கனம் இருக்கிறது.

முதலில் ஏன் திருடினார்கள் என்பது. அன்றைய அயர்லாந்தில் கூலி விவசாயிகளுக்கு உருளைக்கிழங்குதான் காலை, மதியம், இரவு எல்லாம். நிலம் பெரும்பாலும் வேறு யாருடையதோ. ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கிழங்கு போட்டு, வருஷம் பூராவும் அதைத் தின்று பிழைப்பார்கள். பழைய கிழங்கு தீர்ந்து புதுக் கிழங்கு தோண்டுவதற்கு நடுவே, கோடைக் காலத்தில் சில வாரங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. அது ஒவ்வொரு வருஷமும் வரும் பசி. 1845-க்குப் பிறகு வந்த பெரும் பஞ்சத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டுப் போனார்கள். ஆனால் தேதியைக் கவனியுங்கள். அயர்லாந்தின் கிழங்குப் பயிரில் அழுகல் நோய் வந்துவிட்டது என்ற செய்தி வெளிவந்தது 1845 செப்டம்பர் நடுவில். அதற்கு முன்பே அந்தக் கப்பல் கடலில் இருந்தது. அதாவது, ஊரில் எல்லோருக்கும் கிழங்கு இருந்த காலத்திலேயே அதைத் திருடும் நிலையில் சிலர் இருந்திருக்கிறார்கள். பஞ்சம் வந்தபின் நிலைமை எப்படி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பஞ்ச வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது. சில பெண்கள் வேண்டுமென்றே வைக்கோல் போரிலோ குடிசையிலோ தீ வைத்துவிட்டு, ஓடாமல் நின்று, ‘என்னை நாடு கடத்துங்கள்’ என்று கோர்ட்டிலேயே கேட்டார்கள். உலகத்தின் மறுமுனையில் இருக்கும் சிறையில் மூன்று வேளை சாப்பாடு உண்டு என்பது அவர்கள் காதுக்கு வந்திருந்தது. இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனத்துப் போகும். தண்டனையே புகலிடமாகத் தெரிய வேண்டுமென்றால், வீடு என்று அவர்கள் விட்டுப்போன இடம் எப்படி இருந்திருக்கும்?

நாடு கடத்தல் என்ற சொல் நமக்கும் அந்நியமில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் ‘தீவாந்தர சிட்சை’ என்று வரும். 1908-ல் வ.உ.சி.க்கு முதலில் விதித்தார்களே, அதுவும் இதே பிரிட்டிஷ் சட்ட வழக்கத்தில் வந்த தண்டனைதான். அவர் விஷயத்தில் மேல்முறையீட்டில் குறைந்தது. அயர்லாந்துப் பெண்களுக்கும் மனுப் போடும் வழி இருந்தது. அரசப் பிரதிநிதிக்குக் கருணை மனு எழுதித் தருவதற்கு ஊரில் ஒருவர் இருப்பார். கீழே பெண்ணோ அவள் குடும்பத்தாரோ கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அந்த மனுக்கள் கட்டுக் கட்டாக டப்ளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1836-க்கு முந்திய நாடு கடத்தல் பதிவேடுகள் மட்டும் இல்லை. 1922-ல் உள்நாட்டுப் போரின்போது ஆவணக் கட்டடம் எரிந்ததில் அவை போய்விட்டன.

தண்டனை உறுதியானதும் அந்தந்த மாவட்டச் சிறையிலிருந்து டப்ளினுக்குக் கொண்டு வருவார்கள். அங்கே கிரேஞ்ச்கோர்மன் என்ற இடத்தில் பெண்களுக்கென்றே ஒரு சிறை. கட்டியவர் ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டன். பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியால் புகழ்பெற்ற டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைக் கட்டிய அதே மனிதர். 1836-லிருந்து நாடு கடத்தப்படும் பெண்களை இங்கேதான் வைத்திருந்தார்கள். சிறையை மேற்பார்த்த மேட்ரன் மேரியன் ராவ்லின்ஸ், சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரையின் பரிந்துரையில் இங்கிலாந்திலிருந்து வந்தவர். தையல், துணி வெளுப்பு, கொஞ்சம் எழுத்து என்று கற்றுக்கொடுத்தார்கள். கிராமத்தில் மாடு கறந்து, கிழங்கு தோண்டி வளர்ந்த பெண்ணை மூன்று மாதத்துக்குள் காலனி வீடுகளுக்கு ஏற்ற வேலைக்காரியாக மாற்றும் முயற்சி அது. கட்டடத்தில் மணிக்கூண்டு இருக்கும் பகுதி இன்றும் நிற்கிறது. சுற்றிலும் பல்கலைக்கழக வளாகம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட அழைத்துப்போக அனுமதி உண்டு. எல்லாப் பிள்ளைகளையும் அல்ல. வளர்ந்ததுகள் உறவுக்காரர்களிடமோ ஏழைகள் விடுதியிலோ நிற்க வேண்டியதுதான். எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்பதை ஒரு தாய் அங்கே வைத்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ‘டாஸ்மேனியா’ கப்பலில் ஏறிய 35 பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போது, ஏறாமல் நின்ற பிள்ளைகள்தான் என் நினைவுக்கு வருவார்கள்.

பயணம் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலில் பெண்களுக்குப் பொறுப்பு ஒரு மருத்துவர். ஆரம்ப காலக் கப்பல்களில் கைதிகள் கொத்துக் கொத்தாகச் செத்த அனுபவத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. 1840-களில் பெரும்பாலான கப்பல்கள் அதிகச் சாவு இல்லாமல் போய்ச் சேர்ந்தன. உப்பிட்ட மாட்டிறைச்சி, பட்டாணிச் சூப், பிஸ்கட், ஸ்கர்வி நோய் வராமல் இருக்க எலுமிச்சைச் சாறு. ஊரில் பட்டினி கிடந்த சிலர் கப்பலில்தான் முதல்முறையாக இறைச்சியை ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் கடல் கடல்தான். 1835-ல் அயர்லாந்தின் கார்க்கிலிருந்து கைதிப் பெண்களோடு சிட்னிக்குக் கிளம்பிய ‘நீவா’ கப்பல், பாஸ் ஜலசந்தியில் கிங் தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதி உடைந்தது. சுமார் 240 பேரில் பிழைத்தவர்கள் 15 பேர்தான். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை வந்து முடிந்த பயணம்.

சரி, ஹோபார்ட்டில் இறங்கியதும் என்ன?

இறங்கவே விடவில்லை. 1844-லிருந்து வந்த பெண்களை நேரே ‘ஆன்சன்’ என்ற பழைய போர்க்கப்பலுக்கு மாற்றினார்கள். டெர்வென்ட் ஆற்றில் நங்கூரம் போட்டு நிறுத்தி, சிறையாக மாற்றிய கப்பல். ஆறு மாதம் அதில் இருக்க வேண்டும். எட்மண்ட் பௌடன் என்ற மருத்துவரும் அவர் மனைவி ஃபிலிப்பாவும் அதை நடத்தினார்கள். தையல், சமையல், வெளுப்பு, பிரார்த்தனை. ‘நன்னடத்தைக் காலம்’ என்று அதற்குப் பெயர். மூன்று மாதம் கடலில் வந்தவர்கள் இன்னும் ஆறு மாதம் தண்ணீர் மேலேயே இருந்து, கரையில் தெரியும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்ததும் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பதிவேடு எழுதுவார்கள். உயரம், நிறம், தலையின் வடிவம், முடி, நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், தாடை. அம்மைத் தழும்பு, தீக்காயம், பச்சை குத்தியிருந்தால் அது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக. அன்றைக்கு நல்ல குடும்பத்துச் சீமாட்டிகளைப் பற்றிக்கூட இவ்வளவு விவரமாக யாரும் எழுதி வைக்கவில்லை. படிக்கத் தெரியாத, போட்டோ எடுத்துக்கொள்ளாத ஒரு கிராமத்துப் பெண்ணின் மூக்கு எப்படி இருந்தது என்று நூற்றெழுபது வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறதென்றால், அது அவரைச் சந்தேகித்தவர்களின் வேலையால். இந்தக் கைதிப் பதிவேடுகள் 2007-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தன.

அந்தப் பதிவேட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கோர்ட் சொன்ன குற்றத்துக்குக் கீழே, ‘இந்தக் குற்றம் பற்றி இவர் சொன்னது’ என்று ஒரு வரி. கேட்டு எழுதியவர் குமாஸ்தா. இருந்தாலும் சொன்னவர் அந்தப் பெண். என்ன எடுத்தேன், யாரிடமிருந்து எடுத்தேன், இதற்கு முன் எத்தனை தடவை உள்ளே இருந்தேன் என்பதெல்லாம் அதில் வரும். பக்கம் முழுக்க மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியது; அந்த ஓரிரு வரி மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது. இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், ரொம்ப நாளாக இந்தப் பெண்களைப் பற்றிய பேச்சே கெட்ட பேச்சாகத்தான் இருந்தது. அதிகாரிகளும் பாதிரியார்களும் அவர்களை ஒட்டுமொத்தமாக விலைமாதர்கள் என்று எழுதிவைத்தார்கள். பிறகு வந்த ஆசிரியர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். விபச்சாரத்துக்காக யாரையும் நாடு கடத்தச் சட்டத்தில் இடமே இல்லை. பெரும்பாலானவர்கள் செய்தது திருட்டு: துணி, ஆடு, கோழி, சில்லறைப் பணம். இன்னொரு பக்கம், எல்லோரும் ஒரு ரொட்டித் துண்டுக்காகத் தண்டிக்கப்பட்ட அப்பாவிகள் என்று சொல்வதும் சரியில்லை. பலருக்கு முன்பே சிறை அனுபவம் இருந்தது. அது அவர்களைக் குறைவானவர்களாக ஆக்குவதில்லை என்பது என் எண்ணம். திரும்பத் திரும்பத் திருட வேண்டியிருந்த வாழ்க்கையும் வாழ்க்கைதான்.

ஆறு மாதம் முடிந்ததும் கரையில் வேலை. காலனியில் குடியேறியவர்களின் வீடுகளுக்குக் குறைந்த கூலியில் வேலைக்காரியாக அனுப்புவார்கள். முந்திய காலத்தில் கூலியே கிடையாது. சோறும் துணியும் மட்டும். அந்த வீடு எப்படி அமைகிறதோ அப்படித்தான் அவர் விதி. நல்ல எஜமானி கிடைத்தால் வருஷங்கள் அமைதியாகப் போய்விடும். பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது. இல்லையென்றால் விடியற்காலை அடுப்பு மூட்டுவதிலிருந்து இரவு கதவு பூட்டுவது வரை எல்லாம் ஒருவர் தலையில். எதிர்த்துப் பேசினாலும், சொல்லாமல் வெளியே போனாலும், குடித்தாலும் எஜமானர் நேரே மாஜிஸ்ட்ரேட்டிடம் கூட்டிப்போகலாம். வீட்டு வேலையில் வரும் சண்டை அங்கே குற்ற வழக்கு. அதற்கான தண்டனைதான் ‘ஃபீமேல் ஃபேக்டரி’ என்ற பெண்கள் தொழிற்கூடச் சிறை.

ஹோபார்ட்டின் தெற்கே கேஸ்கேட்ஸ் என்ற இடத்தில் இருந்தது இதில் பெரியது. சாராய வடிசாலையாக இருந்த கட்டடத்தை வாங்கி 1828 டிசம்பரில் திறந்தார்கள். லான்செஸ்டனில் ஒன்று, பின்னாளில் ராஸ் என்ற சின்ன ஊரில் ஒன்று. கேஸ்கேட்ஸ் இருக்கும் இடத்தைப் பார்த்தால் யார் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கோபம் வரும். மேலே வெலிங்டன் மலை, ஓரமாக ஓடை, பள்ளத்தாக்கின் அடியில் கல் சுவர்கள். குளிர்காலத்தில் வெயில் அந்த முற்றங்களை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். எப்போதும் ஈரம்.

உள்ளே மூன்று வகுப்பு. நன்னடத்தை உள்ளவர்கள் மேல் வகுப்பில், திரும்ப வேலைக்குப் போகக் காத்திருப்பார்கள். கீழே ‘குற்ற வகுப்பு’. அவர்கள் உடுப்பில் பெரிய மஞ்சள் நிற ஆங்கில ‘சி’ (C) எழுத்துத் தைத்திருக்கும்: மேல்சட்டையின் முதுகில், கையில், பாவாடையின் பின்புறம். காலையில் ரொட்டியும் கஞ்சியும்; மற்ற வேளைகளுக்கு ரொட்டியும் சூப்பும். வேலை பெரும்பாலும் துணி துவைப்பது. சில்லென்ற தண்ணீரில், கல் தொட்டிகளில், நாள் முழுக்க. சிறைத் துணி, மருத்துவமனைத் துணி, அனாதைப் பள்ளித் துணி.

அந்தக் கடைசிச் சொல்லில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கப்பலில் கூட வந்த பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று கேட்டால், பால்குடி மாறிய பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து நியூ டவுனில் இருந்த அரசு அனாதைப் பள்ளியில் சேர்த்தார்கள். தாய் சில மைல் தூரத்தில் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு அனாதை என்று பெயர். நடுவில் ஒரு தேவாலயம், ஒரு பக்கம் ஆண் பிள்ளைகள், மறுபக்கம் பெண் பிள்ளைகள். 1828-லிருந்து 1879 வரை இருந்த அந்த ஏற்பாட்டில் சுமார் 6,000 பிள்ளைகள் வளர்ந்தார்கள். குற்ற வகுப்பில் தொட்டியருகே நின்ற ஒரு தாய் அலசிய துணிகளில் தன் பிள்ளை போட்ட சட்டையும் இருந்திருக்கலாம். எது தன் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

தீவிலேயே பிறந்த குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் கருவுற்றால், யார் காரணம் என்று யாரும் கேட்பதில்லை. அவரைத் தொழிற்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பெற்று, பால் கொடுத்து, பால் மறக்கடித்த பிறகு குற்ற வகுப்பில் ஆறு மாதம் தண்டனை. குழந்தை சிறையின் குழந்தைகள் பகுதியில் இருக்கும். ஈரமும் நெரிசலும் நிறைந்த அந்த அறைகளில் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சளியிலும் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1838-ல் ஒரு குழந்தையின் சாவு பற்றி மரண விசாரணை நடந்து, பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகுதான் குழந்தைகள் பகுதியை ஊருக்குள் ஒரு வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சாவு நிற்கவில்லை. இடம் மாறிக்கொண்டே இருந்தது: லிவர்பூல் தெரு, டின்னெர்ன், பிரிக்ஃபீல்ட்ஸ். குழந்தையின் மரணம் தாய்க்குக் கொடுத்த தண்டனையின் ஒரு பகுதியாகவே ஆகிப்போனது என்று சொன்னால் அது மிகையில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண்கள் அடங்கிக் கிடந்தார்கள் என்று நினைக்காதீர்கள். கேஸ்கேட்ஸில் ‘ஃபிளாஷ் மாப்’ என்று ஒரு கூட்டம் இருந்தது. புகையிலை, சாராயம், நல்ல துணி எல்லாம் சுவருக்குள் கொண்டுவரத் தெரிந்தவர்கள். இரவில் பாட்டும் கூத்தும் நடத்துவார்கள். அதில் பெரிய தலை எலன் ஸ்காட், லிமெரிக்கில் பிறந்தவர். லண்டனில் தண்டனை பெற்று, ஆயுள் தண்டனையோடு 1830-ல் வந்தவர். அவர் பதிவேட்டில் குற்றங்கள் எழுத இடம் போதவில்லை. ராஸில் தொல்லியல் ஆய்வாளர்கள் தனிச்சிறை அறைகளின் மண் தரையைத் தோண்டியபோது புகைக்குழாய்த் துண்டுகள் கிடைத்தன. ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே என்று விதி இருந்த இருட்டறையில், யாரோ யாருக்கோ புகையிலை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. இந்தத் தீவு காலி இடம் இல்லை. ஹோபார்ட் இருக்கும் மண் முவினினா என்ற பூர்வகுடி மக்களுடையது. ‘டாஸ்மேனியா’ கப்பலின் பெண்கள் வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த 1847-ல், ஃபிளிண்டர்ஸ் தீவில் அடைத்து வைத்திருந்த டாஸ்மேனியப் பூர்வகுடிகளில் உயிரோடு மிஞ்சிய 47 பேரை ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தன் நிலத்தில் வாழ முடியாமல் வந்த ஐரிஷ் பெண் போய் இறங்கியது இன்னொருவரிடமிருந்து பிடுங்கிய நிலத்தில்.

விடுதலைக்குப் படிகள் இருந்தன. நன்னடத்தை காட்டினால் தண்டனைக் காலம் முடியும் முன்பே ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ கிடைக்கும். தானே வேலை தேடிக்கொள்ளலாம், மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது. அப்புறம் நிபந்தனையோடு மன்னிப்பு. ஏழு வருஷமும் முடிந்தால் சுதந்திரச் சான்றிதழ். நடுவில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றாலும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அதற்கென்றே தனிப் பதிவேடு. ஆண்கள் மிக அதிகம், பெண்கள் மிகக் குறைவு என்பதால் மாப்பிள்ளைக்குப் பஞ்சமில்லை. பல ஐரிஷ் பெண்கள் முன்னாள் கைதிகளையே கட்டிக்கொண்டார்கள். சிலருக்கு அது அன்பு, சிலருக்கு ஒரு கூரை, பலருக்கு இரண்டும் கலந்தது. எஜமானர் வீட்டிலிருந்து வெளியேற இருந்த மரியாதையான வழி அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. திரும்பினார்களா? அநேகமாக யாருமே திரும்பவில்லை. போவதற்குக் கப்பல் அரசாங்கத்துடையது. வருவதற்கு அவரவர் காசு. வீட்டு வேலைக் கூலியில் பாதி உலகத்தைச் சுற்றி வரும் பயணத்துக்குச் சேர்ப்பது நடக்காத காரியம். சேர்த்தாலும் எங்கே போவது? 1845-ல் கிளம்பியவருக்கு 1852-ல் விடுதலை கிடைத்தபோது, விட்டுவந்த ஊரில் பல வீடுகள் இடிந்து கிடந்தன. 1841-ல் 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851-ல் 65 லட்சமாகக் குறைந்திருந்தது. அம்மா இருக்கிறாரா, விட்டுவந்த பிள்ளை பிழைத்ததா, அமெரிக்காவுக்குக் கப்பலேறியதா என்று எழுதிக் கேட்க எழுத்தும் தெரியாது. அதனால்தான் ஆரம்பத்தில் சொன்னேன்: ஏழு வருஷத்துக்கும் ஆயுளுக்கும் வித்தியாசம் காகிதத்தில்தான். திரும்பும் வழியில்லாத ஏழு வருஷமும் ஆயுள் தண்டனைதான்.

இதே வருஷங்களில் இதே தீவுக்கு வேறு ஐரிஷ்காரர்களும் வந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சியை ஒட்டி நாடு கடத்தப்பட்ட வில்லியம் ஸ்மித் ஓ’பிரையன், தாமஸ் மீகர், ஜான் மிட்செல். படித்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தனி வீடு, புத்தகம், ஓரளவு நடமாடும் உரிமை எல்லாம் கிடைத்தன. மீகரும் மிட்செலும் தப்பி அமெரிக்கா போனார்கள்; ஓ’பிரையன் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினார். டப்ளின் ஓ’கானல் தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாடு கடத்தப்பட்ட ஐரிஷ்காரர் என்றதும் நினைவுக்கு வருவது அந்தப் பத்து இருபது கனவான்கள்தான். சுமார் 9,000 ஐரிஷ் பெண்கள் நினைவுக்கு வருவதில்லை.

அந்த மறதிக்குப் பெண்களுடைய குடும்பங்களும் காரணம், பாவம். 1853-ல் தீவுக்குக் கைதிகளை அனுப்புவது நின்றது. 1856 ஜனவரி 1 முதல் பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டார்கள், பழைய பெயரில் கைதி வாடை அடித்தது என்பதால். தங்கம் கிடைத்த விக்டோரியாவுக்குக் கடல் தாண்டிப் போனவர்கள் புதுப் பெயர், புது ஊர், புது வயது சொல்லிக்கொண்டார்கள். பாட்டி எப்படி வந்தார் என்று பேரப்பிள்ளை கேட்டால், கப்பலில் வந்தார் என்பதோடு பேச்சு நிற்கும். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. இன்றைக்குத் தலைகீழ், மூதாதையரில் ஒரு கைதி இருந்தால் பெருமையாகச் சொல்கிறார்கள். 1988-ல் அயர்லாந்து அரசு தன்னிடமிருந்த நாடு கடத்தல் ஆவணங்களின் நகலை ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. கிறிஸ்டினா ஹென்ரி என்ற டாஸ்மேனியக் கலைஞர், ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட 25,566 பெண்களுக்கும் ஆளுக்கொரு துணித் தொப்பி என்று தைக்கக் கேட்டார்; உலகம் பூராவும் இருந்து தைத்து அனுப்பினார்கள். 2017-ல் ஹோபார்ட் துறைமுகத்தில் வைத்த மூன்று பெண்கள், ஒரு குழந்தையின் வெண்கலச் சிலைகளைச் செய்தவர் ரோவன் கில்லெஸ்பி. டப்ளின் ஆற்றங்கரையில் எலும்பும் தோலுமாக நடக்கும் பஞ்சச் சிலைகளைச் செய்ததும் அவர்தான்.

கடைசியாக, இந்தப் பெண்களின் முதுமை பற்றி. பிள்ளைகுட்டி பெற்று, சொந்த வீட்டில் செத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் துணை இல்லாமல் போனவர்களுக்கு அரசு ஏழைகள் இல்லம்தான் கதி. கேஸ்கேட்ஸ் தொழிற்கூடம் 1856-ல் மூடப்பட்டு, பிறகு அதே சுவர்களுக்குள் ஆதரவற்ற முதியவர்களை வைத்தார்கள். இளம் வயதில் அங்கே துணி துவைத்தவர்களில் சிலர் கிழவியாகித் திரும்ப அதே முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவும் மூடியபோது முதியவர்களை நியூ டவுனுக்கு மாற்றினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த கட்டடம், அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்த பழைய அனாதைப் பள்ளி.